நிதி, ஜலம், பாஷாணம்: நிலத்துக்கு அடியில் இருப்பது யாருக்கு?

பி.காம். படிக்கிற எல்லாருக்கும் 'ராயல்டி அக்கவுண்ட்ஸ்' ஞாபகம் இருக்கும். ஒரு நில உரிமையாளர் தன் சுரங்கத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவார். டன்னுக்கு இத்தனை ரூபாய், மினிமம் ரென்ட், ஷார்ட் வொர்க்கிங்ஸ்... கணக்கு டேலி ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனக்குக் கணக்கைவிட வேறொரு சந்தேகம். சொந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு விடுகிற அந்த ஆளை நம்ம ஊரில் யாராவது பார்த்திருக்கீங்களா?

போன லீவில் பனமலைக்குப் போனபோது தாத்தாவின் பழைய கிரயப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். நிலத்தோடு 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' எல்லாம் சேர்த்து விற்றதாக எழுதியிருக்கிறது. பாஷாணம் என்றதும் எலி பாஷாணம்தான் நினைவுக்கு வந்தது :-) இங்கே அதற்குக் கல் என்று பொருள். நிதி என்றால் புதையல். விஜயநகரக் காலத்துச் சாசனங்களில் 'அஷ்டபோகம்' என்று வரும் பட்டியலின் வாரிசு இது. சோழர் கல்வெட்டுகளில் இன்னும் அழகாகத் தமிழிலேயே, மேல் நோக்கின மரமும் கீழ் நோக்கின கிணறும் என்று சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, பத்திரப்படி கீழே இருப்பதும் தாத்தாவுக்குத்தான். ஆனால் கொல்லையின் மூலையில் இருக்கிற பாறையை உடைத்து விற்க வேண்டுமானால், 1959-ம் வருடத்துச் சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அரசிடம் அனுமதி வாங்கி, சீனியரேஜ் கட்ட வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குவாரி நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புதையலும் அப்படியே. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருடச் சட்டம்.

அப்படியானால் நம் பாடப் புத்தகத்து முதலாளி எங்கிருந்து வந்தார்? இங்கிலாந்துப் பிரபுக்களும் வங்காளம், பீகார் ஜமீன்தார்களும்தான் அவர். ஜமீன்தார் வெளிப்படையாக எழுதிக் கொடுக்காதவரை, நிலத்தை அனுபவிக்கிறவருக்குக் கீழே உள்ள கனிமம் போகாது என்று 1910-ல் பிரிவி கவுன்சில் சொன்னது. நிலக்கரிக் கம்பெனிகள் ஜமீன்தாருக்கு ராயல்டி கட்டின. பிறகு 1950-ன் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் ஜமீனும் கனிமமும் அரசுக்குப் போயின. இங்கிலாந்திலேயே 1934-ல் மண்ணுக்குள் இருக்கும் எண்ணெயை அரசுடைமை ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் இன்றைக்கும் தோட்டத்தில் எண்ணெய் கிடைத்தால் விவசாயிக்குப் பங்கு உண்டு. பழைய வழக்கப்படி எட்டில் ஒன்று. மேல் நிலத்தை விற்றுவிட்டு அடிநிலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவும் முடியும்.

இப்போது நமக்குப் பக்கத்தில் இருக்கிற நெய்வேலிக்கு வருவோம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு துளைத்தபோது, தண்ணீரோடு கரும்பழுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பத்திர பாஷையில் சொன்னால், ஜலம் தேடினார், பாஷாணம் வந்தது. அமெரிக்காவாக இருந்தால் அவர் வம்சமே ராயல்டியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும். அவரோ 620 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தார். 1956-ல் நிறுவனம் அமைந்தது, 1957 மே மாதம் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1961-ல் கரி தெரிந்தது. பிறகு சுரங்கம் விரிய விரிய சுற்றியிருந்த ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டது. அவர்கள் தானம் கொடுத்தவர்கள் அல்ல. மேலே விளைகிற நிலத்துக்கு விலை கொடுத்தார்கள். கீழே இருந்த கரிக்கு டன் கணக்கில் ராயல்டி மாநில அரசுக்குப் போனது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காகப் பச்சைப் பயிர் மேல் இயந்திரம் ஓடியபோது எழுந்த கோபத்தின் வேர் இங்கேயும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதில் சட்டம் சொல்வதுதான் ஆச்சரியம். கனிமமெல்லாம் அரசுக்கே சொந்தம் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம் (நானும்தான்). மலபார் ஜென்மி நிலங்களில் இருந்த குவாரிகள் பற்றிய வழக்கில், 2013 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. எல்லாக் கனிமமும் அரசைச் சேரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முறைப்படி பறிக்கப்படாதவரை அடிநிலம் மேல் நிலத்துக்காரருக்கே. அதற்காக இஷ்டத்துக்குத் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. தோண்டுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. பிறகு 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி அல்ல, சுரங்கக் குத்தகைக்காரர் குத்தகை விட்டவருக்குத் தரும் பணம் என்றது. நம் அக்கவுண்ட்ஸ் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னது இதுதான்!

அந்தத் தைரியத்தில் நெய்வேலியை ராயல்டி அக்கவுண்ட்ஸ் முறைப்படி எழுதிப் பார்த்தேன். குத்தகை எடுத்தவர் நிறுவனம், ராயல்டி வாங்குகிறவர் தமிழ்நாடு அரசு. நிலம் கொடுத்த விவசாயி நிலம் வாங்கிய செலவு என்ற ஒரே என்ட்ரியில் வருகிறார். அடுத்த வருடத்து லெட்ஜரில் அவர் பெயர் இல்லை.