வேலியில்லா வயலுக்கு யார் காவல்?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று பெரும் வயல்கள் வேலியின்றிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல குடியானவர்களின் நீளத் துண்டுகள் கலந்திருக்கும். ஓராண்டு குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், அடுத்த ஆண்டு தரிசு அல்லது புல் என்று வயல் முழுவதும் ஒரே சுழற்சி. இடைக்கால நடு இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் உழுதது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200-க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் அடைத்தன. அடைப்பு நடந்த ஊர்களில் பண்ணை வீடுகள் பல வயல் நடுவே குடிபெயர்ந்தன. லாக்ஸ்டனிலோ அவை இன்றும் ஊர்த் தெருவிலேயே நிற்கின்றன. வேலியில்லா வயல் முறை இங்கே நிலைத்ததற்குப் பழமைப் பற்றைவிட, ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஊர் நீதிமன்றமே பெரிய காரணம்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் ஜூரிகள், கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். துண்டுகளின் எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையையோ, உழாமல் விட வேண்டிய புல்வெளியையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் மதுக்கடையில் ‘கோர்ட் லீட்’ எனும் அந்த ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சொற்பம்தான், ஆனால் அத்துமீறியவர் பெயர் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் படிக்கப்படும். இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு கிடைத்தது.

நிலவுடைமையாளரின் தயவால்தான் ஊர் பிழைத்தது என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952-இல் வேளாண் அமைச்சகம் நிலத்தை வாங்காதிருந்தால் கதை மாறியிருக்கும். 1981-இல் அது அரச சொத்து நிர்வாகத்திடம் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. உடைமை இத்தனை முறை கைமாறியும் வயலின் ஒழுங்கு குலையவில்லை. அதைக் காத்தவர்கள் உழுபவர்களே. மார்க் பியர்ஸ் 1635-இல் வரைந்த ஊர் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இன்றைய துண்டுகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. ஆகவே இது வெறும் காட்சிப்பொருள் என்பாரும் உண்டு. காட்சிப்பொருளாக இருந்திருந்தால் பழைய அளவிலேயே உறைந்திருக்கும். டிராக்டருக்கு ஏற்பத் துண்டுகளை இணைத்துக்கொண்டு, விதியை மட்டும் விடாமல் வைத்திருப்பது பிழைப்பு நடத்தும் ஊரின் செயல். வேலி போடாவிட்டால் பேராசை நிலத்தைத் தின்றுவிடும் என்ற அடைப்புக்காரர்களின் வாதத்துக்கு லாக்ஸ்டன் தரும் பதில் எளியது: தட்டிக்கேட்க ஆளிருந்தால் வேலி இல்லாமலும் எல்லை நிற்கும்.