உதியன்குளங்கரை: ஒரு பெயர், இரண்டு புணர்ச்சிகள்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் உதியன்குளங்கரை. இப்பெயரின் முற்பகுதியைச் சேர வேந்தர் பெயரோடு இணைத்துப் பேசுவதே வழக்கம். ஆனால் மொழி வரலாறு தெளிவாகப் பதிந்திருப்பது சொற்கள் கூடும் இரண்டு இடங்களில்: உதியன்+குளம், குளம்+கரை.

நீண்ட தொகைச்சொல்லின் உறுப்புகளைக் கேட்போர் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? 1620இல் தரங்கம்பாடிக்கு வந்து 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்ற டேனியரின் மொழியில் அசையழுத்தம் இதற்கு உதவுகிறது. பொதுவாக முதல் உறுப்பு முதன்மை அழுத்தமும் அடுத்த உறுப்பு துணை அழுத்தமும் பெறும். தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை; உறுப்புகள் கூடுமிடத்தைப் புணர்ச்சியே பெரிதும் புலப்படுத்துகிறது.

மகர ஈறு வேற்றுமைப் புணர்ச்சியில் கெட்டு வல்லெழுத்து மிகும் என்கிறது தொல்காப்பியப் புள்ளிமயங்கியல். சில சொற்களில் மெல்லெழுத்தும் உறழ்ந்து வரும் என்றும் அது கூறுகிறது. உரையாசிரியர் காட்டும் சான்று ‘குளக்கரை, குளங்கரை’ என்பதே. இன்றைய எழுத்துத்தமிழில் முன்னது பெருவழக்கு. இவ்வூர்ப் பெயர் பின்னதைக் காத்துள்ளது.

அதன்மேல் அடுத்த மாற்றம் நிகழ்ந்தது. மெல்லெழுத்தை அடுத்த இன வல்லெழுத்து தானும் மெல்லெழுத்தாவதை ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘கேரளபாணினீயம்’ நூலில் ‘அனுநாசிகாதிப்ரசரம்’ என்றார். மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக்காட்டும் ஆறு நெறிகளுள் இதுவே முதலாவது. தேங்காய் ‘தேங்ங’ ஆனதுபோல, குளங்கரை ‘குளங்ஙர’ ஆயிற்று.

எனினும் அதே பெயரில் ‘உதியன்’, ‘குள’ என்பவற்றிடையே ககரம் அழியவில்லை. னகரமும் ககரமும் இனவெழுத்துகள் அல்ல என்பதே காரணம். அண்டையிலுள்ள நெய்யாற்றின்கரையின் ‘கரை’ மலையாளத்திலும் ‘கர’ என நிற்பது இதனாலேயே. ஒரே சொல், ஒரே வட்டாரம். முன்னின்ற மெல்லெழுத்து எதுவோ அதற்கேற்ப இரு வேறு முடிவுகள்.

யாப்பு நோக்கில் உதி/யன்/குளங்/கரை என அசை பிரித்தால், அசையெல்லை இரு புணர்ச்சி இடங்களிலும் சரியாக விழுகிறது. ‘குளங்/ஙர’ என்பதிலும் எல்லை அங்கேயேதான் உள்ளது. மறைந்தது ‘கரை’யின் முதலெழுத்து மட்டுமே.

என் குறிப்பேட்டில் ‘-ஙர’ என்பதைத் தனி விகுதி என முதலில் எழுதிவைத்திருந்தேன். அது பிழை. செவியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு குளத்தின் கரையையே ஆய்வேட்டிலிருந்து நீக்கியிருப்பேன். 1956 நவம்பர் 1 அன்று வகுத்த மாநில எல்லை இவ்வூரைக் கேரளத்தில் நிறுத்தியது. பெயரோ இரு மொழிகளின் இலக்கணத்தையும் ஒருங்கே சுமக்கிறது. ‘-ங்கரை’, ‘-ங்ஙர’ என முடியும் ஊர்ப்பெயர்களை அறிந்த நண்பர்கள், உள்ளூரார் ஒலிக்கும் வடிவத்தோடு குறிப்பிட வேண்டுகிறேன்.