வழிநடையும் ஓசிப் பயணமும் (அக்கரப்பத்தனை வட்டாரம்)

கையில் காசு குறைந்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து, நடந்தும், வழியில் வரும் வண்டிகளில் ஏறிக்கொண்டும் நெடுந்தூரம் போகும் முறை. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்திலுள்ள அக்கரப்பத்தனை, மன்றாசி, டயகம ஆகிய தோட்டப் பகுதிகளும், அவற்றுக்கு மக்கள் வந்துசேர்ந்த வழிகளும் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஐரோப்பாவில் பெருவிரலைக் காட்டி வண்டி நிறுத்திப் போவது இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்களின் விடுமுறைப் பழக்கமாக வளர்ந்தது. போலந்தில் 1950களின் பிற்பகுதியில் இதற்கென்றே கூப்பன் புத்தகங்கள் வந்தன. ஏற்றிச் சென்ற ஓட்டுநர்கள் கூப்பன்களைச் சேர்த்துப் பரிசுக் குலுக்கலில் கலந்துகொண்டனர். ஆனால் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இம்முறை பிழைப்பு தேடிய பயணத்தில் தொடங்கியது.

பெயர்

‘பத்தனை’ என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் ‘பத்தன’ என்னும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். முற்பகுதியை இவ்வட்டாரத்தில் ஓடும் அக்ரா ஓயாவோடு இணைத்துப் பார்ப்பதே வழக்கம். ‘ஓசி’ என்ற சொல்லுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்கள் கட்டணமின்றிப் போக இடப்பட்ட ‘ஓ.சி.’ முத்திரையிலிருந்து வந்தது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. மெய்ப்பிப்பது எளிதன்று, ஆனால் கம்பெனிக் கணக்கில் போவது என்ற அந்தக் கருத்து, கீழே வரும் வரலாற்றுக்கு எதிர்பாராத வகையில் பொருந்துகிறது.

வடபாதை: 1820கள் முதல் 1890கள் வரை

இலங்கையில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது 1820களில் என்பது பொதுக் கருத்து. 1823, 1824 என்று இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. மலையகத்தின் இருநூறாம் ஆண்டு நினைவு முன்னதைக் கொண்டு அமைந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளின் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி மேற்பார்க்கும் கங்காணி ஒருவரின் பின்னால் கூட்டம் புறப்படும். பெரும்பாலும் உறவினர், ஒரே ஊரார், ஒரே சாதியார். தொண்டி, பாம்பன் போன்ற கரைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்குவர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நடை. இதுவே வடபாதை. வழி முழுவதும் வறண்ட காடு. தண்ணீர் கிடைக்கும் இடமே தங்குமிடத்தைத் தீர்மானித்தது.

இந்தப் பாதையில் மாண்டவர்களின் தொகை இன்றுவரை தீராத வாதம். 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்தனர் என்ற கணக்கு அக்காலப் பத்திரிகை எழுத்திலிருந்து பல நூல்களுக்குள் நுழைந்துவிட்டது. தோட்ட முதலாளிகள் தரப்பு அதை மிகை என்றது. வந்தவர், திரும்பியவர் எண்ணிக்கையைக் கழித்துப் பார்த்தே இத்தொகை பெறப்பட்டதால், பதிவின்றித் திரும்பியவர்களும் இறந்தவர்களாக எண்ணப்பட்டிருக்கலாம் என்பர் சிலர். காலரா, அம்மை, மலேரியா மூன்றும் பாதையோரத்தில் ஆட்களை வீழ்த்தின என்பதில் எத்தரப்புக்கும் ஐயமில்லை.

கோப்பிக் காலத்து நடைக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் மாதங்களுக்காக வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்களே மிகுதி. அதனால் ஒரே ஆள் இதே காட்டைப் பலமுறை நடந்து கடந்திருப்பான். 1876-78 தாது வருடப் பஞ்சம் இந்த ஓட்டத்தைப் பெருக்கியது. 1877இல் வந்தவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலையெங்கும் பரவியபோது நடையின் இயல்பும் மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன. வந்தவர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கினர்.

இந்தப் பயணத்தில் பணம் எப்படி ஓடியது என்பது தனியே கவனிக்கத்தக்கது. புறப்படும் முன் ஊர்க் கடன் தீர்க்கக் கங்காணி முன்பணம் கொடுப்பார். தோணிக் கூலி, வழியில் அரிசி, கருவாடு, போர்வை எல்லாம் அவர் கைச்செலவு. தோட்டம் சேர்ந்ததும் அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தன் காலால் நடந்து வந்தவனும் நடந்த செலவுக்குக் கடனாளி ஆனான். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகை கட்டினால் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிய ‘துண்டு’ வேண்டும். விரல் நீளக் காகிதம்தான். அது இல்லாமல் பக்கத்து மலையில் பெயர் பதிய முடியாது.

மாத்தளையிலிருந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக உயர்மலைக்கு ஏறிய மிச்ச நடை, பழைய அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அக்கரப்பத்தனைக்கு வந்தவர்கள் நடந்தது அந்த ஒரு வரியைத்தான்.

ரயிலும் தகரத் துண்டும்

ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் எட்டியது. அதன்பின் தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு நடந்தால் போதும். நோய்த்தடுப்பை முன்னிட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை கைவிடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் வந்தன. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து அனுப்பும் முறை நிலைபெற்றது.

இக்காலத்தின் மிக விந்தையான பொருள் தகரத் துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்த இந்தச் சிறு தகட்டில், போகவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்தில் கட்டிக்கொண்டால் கப்பலிலும் ரயிலிலும் யாரும் காசு கேட்பதில்லை. பார்ப்பதற்கு முழு ஓசிப் பயணம். செலவுச் சீட்டு தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கழுத்தில் தகடு கட்டியவரின் கணக்குக்கு வந்தது. தோட்டம் மாறத் தேவைப்பட்ட பழைய காகிதத் ‘துண்டு’ முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்சேர்ப்புச் செலவு பொது நிதியத்தின் பொறுப்பானது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையை நிறுத்தியது.

தோட்டப் பாதைகள் வெளியாருக்கு மூடியே இருந்தன. அத்துமீறல் சட்டத்தைத் தாண்டி உள்ளே போக, தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டார் என்பர். நடைக்காலப் பாடல்கள் பலவும் வாய்மொழியாகத் தங்கின. மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர்.

ஒரே கப்பல்

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், அதுவரை அங்கிருந்து போன கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. மலைநாட்டு நிலையங்களில் வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையால், தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று இன்றும் சிலர் நினைவுகூர்வர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர், முதுகுப்பையோடு இதே கப்பலில் எதிர்த்திசையில் இலங்கை வந்தனர். காசு இரு கூட்டத்தாரிடமும் குறைவு. கையில் இருந்த தாள்கள்தான் வேறு: ஒருவரிடம் திரும்பிவரக்கூடிய கடவுச்சீட்டு, மற்றவரிடம் குடும்பமாகப் போய்விடும் அனுமதி. 1984இல் இந்தக் கப்பல் இலங்கையின் உள்நாட்டுப் போரினால் நின்றது.

வட்டாரத்தில்

அக்கரப்பத்தனையில் இப்போது பஸ் உண்டு, ஓட்டோ உண்டு. ஆனால் பிரதான வீதிக்கும் மேல்பிரிவு லயங்களுக்கும் இடைப்பட்ட தூரம் இன்னும் கால்களையே நம்பியிருக்கிறது. கொழுந்துக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும் நேரம் பார்த்துப் பாதையோரம் நிற்பவர்கள், லொறி வளைவில் தெரிந்ததும் கையை நீட்டிப் பெருவிரல் காட்டுவதில்லை. உள்ளங்கையைத் தாழ்த்தி இரண்டு முறை அசைப்பார்கள். “அண்ணே, டவுனுக்கா?” என்ற கேள்வி, வண்டி முழுதாக நிற்கும் முன்னே போய்ச் சேரும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முன் இருக்கை. பையன்கள் பின்னால் கொழுந்துச் சாக்குகளின் பக்கம். இறங்கும்போது “வாறேன் அண்ணே” என்ற சொல்லோடு முடிகிறது. எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கூட்டாகச் செலவு பங்கிட்டுப் போகும் பயணங்களில் முதன்மையானது சிவனொளிபாதமலை யாத்திரை. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை நீளும் பருவத்தில், நண்பர்கள் வேன் பிடித்து, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், இரவெல்லாம் ஏறி, 2,243 மீற்றர் உச்சியில் விடியலைப் பார்ப்பர். வழியில் இலவச உணவு தரும் தன்சல் இருந்தால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். பதினான்காம் நூற்றாண்டில் இம்மலையில் ஏறிய இப்னு பதூதா, வெளிநாட்டு நடைப்பயணிகளில் நன்கறியப்பட்டவர். டயகமவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஒரு நடைவழி உண்டு. சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது.

அண்மைக்காலம்

போர்க்காலத்தில் நின்றிருந்த தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடியது. 2018இல் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை அமைந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நடை மீண்டும் கூடியது. 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு ஒரு குழுவினர் தலைமன்னாரிலிருந்து பழைய வழியே நடந்தனர். பதினாறு நாள் நடை மாத்தளையில் நிறைவுற்றது. பழைய கூட்டங்களுக்கு மலை ஏற்றம் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான்.