சிறுவர் நாய்க்கடித் தவிர்ப்பு

சிறுவர் நாய்க்கடித் தவிர்ப்பு என்பது அறிமுகமற்ற நாய்களின் அருகில் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதாகும். சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு போன்ற ஊர்களில் காப்பித் தோட்டக் காவல் நாய்களும் தெருநாய்களும் பள்ளி செல்லும் வழியில் எதிர்ப்படுவதுண்டு. வெறிநோய் ஐயத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40% பேர் 15 வயதுக்குட்பட்டோர் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. குழந்தைகள் உயரம் குறைந்தவர்களாதலால் தலையிலும் முகத்திலும் கடிபடுகின்றனர். அங்கிருந்து நச்சுயிரி விரைவில் மூளையை அடையும்.

கற்பிக்கும் முறை

ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. ஆகவே ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி, தரையைப் பார்த்தபடி மரம்போல் நிற்க வேண்டும். கீழே விழுந்தால் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். உண்ணும், உறங்கும், குட்டியுடனுள்ள நாயை அணுகலாகாது. வாலாட்டும் நாயெல்லாம் நட்பானது எனக் கொள்வது தவறு. வாயால் சொல்வதைவிடப் பொம்மை நாயை வைத்து நடித்துப் பழக்குவதே மனதில் நிற்கும்.

கடிபட்டால்

திட்டுக்கு அஞ்சிச் சிறுவர் கீறலை மறைப்பதே பெரிய இடர். கடித்ததைச் சொன்னால் திட்டமாட்டோம் என முன்பே உறுதியளித்தல் வேண்டும். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசலாகாது. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

தென்னிந்தியாவில் இச்சிகிச்சைக்கென 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் தொலைவிலுள்ள கசௌலியில் அமைந்திருந்தது.