'இல்லை' என்ற சொல்லைக் கணனிக்குக் கற்பித்தவர்கள்

செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தை அடியோடு மாற்றப் போகிறது என்ற செய்தி வராத நாள் இப்போது கிடையாது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்ததோடுதான் இவையெல்லாம் தொடங்கின என்று நினைப்போரே பலர். வைத்தியர் எழுதிய குறிப்பைக் கணனி படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற முயற்சிக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முன்வரிசையில் நிற்கும் ஒருவரின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நான் கண்டதில்லை. நயோமி சேகர் என்பது அவர் பெயர். தமிழில் எழுதும்போது நம்மூர்ப் பெயர் போலத் தோன்றினாலும், அவர் அமெரிக்கப் பெண்மணி.

மின்பொறியியல் படித்து, நியூயோர்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமொன்றில் சில ஆண்டுகள் மின்னணுப் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர் அவர். 1959 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் செல்லிக் ஹரிஸின் குழுவிற் சேர்ந்தார். ஹரிஸ் யாரென்று கேட்போருக்கு நோம் சொம்ஸ்கியின் ஆசான் என்று சொன்னால் உடனே விளங்கும். மாணவனின் புகழில் மறைந்துபோன ஆசான்களுள் அவரும் ஒருவர். ஆங்கில வாக்கியங்களை இலக்கணப்படி பிரித்தறியும் ஒரு நிரலை யுனிவாக் கணனியில் அக்குழுவினர் அப்போது இயக்கிக்கொண்டிருந்தனர்.

ஹரிஸிடம் இருந்து சேகர் எடுத்துக்கொண்ட கருத்து ஒன்றுண்டு. ஒரு துறையைச் சேர்ந்தவர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் மொழி, பொதுமொழிக்குள் அடங்கிய ஒரு சிறுமொழி. அதற்கெனச் சொற்களும் அச்சொற்கள் ஒன்றோடொன்று சேரும் விதிகளும் உண்டு. பொதுமொழி முழுவதையும் கணனிக்குப் புகட்டுவது அக்காலத்தில் நடவாத காரியம். சிறுமொழியைப் புகட்டலாம்.

1965 ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சேகர் தமது ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். மருந்தியற் கட்டுரைகளை ஆராய்ந்த பின்னர், எழுபதுகளில் அக்குழு மார்புப் புற்றுநோயாளரின் எக்ஸ்ரே அறிக்கைகளைக் கையில் எடுத்தது. வைத்தியசாலைக் குறிப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த மொழி எப்படியிருக்கும் என்று தெரியும். எழுவாய் இராது, பயனிலை இராது. "காய்ச்சல் இல்லை. இருமல் மூன்று நாள். வலப்புற நுரையீரல் தெளிவு." பாடசாலை இலக்கணப்படி இவை வாக்கியங்களே அல்ல. ஆனால் இந்த அரைகுறை வாக்கியங்களுக்குள் இறுக்கமான ஓர் ஒழுங்கு இருப்பதை அக்குழுவினர் கண்டனர். உடலுறுப்பு, கண்ட நிலை, காலம், பரிசோதனை, சிகிச்சை எனக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு சொல்லையும் உரிய கட்டத்தில் கணனியே இடும்படி செய்தனர். அக்கட்டங்களுள் ஒன்று மறுப்புக்கு உரியது. என் மனம் இன்றளவும் நிற்பது அந்தக் கட்டத்தில்தான்.

ஈய எழுத்துக் கோத்த காலத்துப் பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்குநர்கள் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சியதில்லை. 'அல்ல', 'இல்லை' என்பன விழுந்துவிடுமோ என்றே அஞ்சினர். பத்து எழுத்துச் சொல்லிற் பிழை வந்தால் வாசகர் தாமே திருத்திப் படித்துவிடுவார். 'இல்லை' விழுந்தால் செய்தியே தலைகீழாகிவிடும். மருத்துவக் குறிப்பில் அதன் விளைவு இன்னும் கொடியது. நியூமோனியா என்ற சொல் வரும் அறிக்கைகளையெல்லாம் எடுத்துத் தா என்று கணனியைக் கேட்டால், "நியூமோனியா இல்லை" என்று எழுதப்பட்டவையும் சேர்ந்தே வரும். வைத்தியர்கள் எதைக் காணவில்லை என்பதையும் பதிவு செய்யப் பழக்கப்பட்டவர்கள். ஆதலால் இத்தகைய அறிக்கைகள் சொற்பமல்ல. "நியூமோனியா இல்லையென்று சொல்வதற்கில்லை" என்று எழுதும் எச்சரிக்கைக்காரர்களும் உண்டு.

சேகர், கரோல் பிரீட்மன், வைத்தியர் மார்கரெட் லைமன் ஆகிய மூவரின் பெயரில் 1987 இல் வெளிவந்த நூல், இருபதாண்டு உழைப்பின் அறுவடை. அவர்களுள் பிரீட்மன் பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 'மெட்லீ' என்ற நிரலை உருவாக்கினார். அது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாமல் அங்குள்ள வைத்தியசாலையின் நாளாந்தப் பயன்பாட்டுக்கே வந்தது. 1995 இல் அதற்கொரு பரீட்சை வைக்கப்பட்டது. 200 மார்பு எக்ஸ்ரே அறிக்கைகளைக் கொடுத்து, ஆறு வகை நோய்நிலைகள் அவற்றில் உண்டா இல்லையா என்று கேட்டனர். கதிரியக்க வல்லுநர் ஆறு பேர், பொது மருத்துவ வல்லுநர் ஆறு பேர், மருத்துவம் படியாதவர் ஆறு பேர், அவர்களோடு இந்த நிரல். முடிவில் நிரலுக்கும் வைத்தியர்களுக்கும் இடையே வேறுபாடு காண முடியவில்லை. மருத்துவம் படியாதவர்களை அது விஞ்சி நின்றது. உலகப் பத்திரிகைகள் இதற்கு ஆரவாரம் செய்ததாக எனக்கு நினைவில்லை.

2001 இல் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் வென்டி சப்மன் குழுவினர் இன்னும் எளிய வழியொன்றைக் கண்டனர். 'நெக்எக்ஸ்' எனப்பட்ட அந்த வழியில் மறுப்புத் தொடர்களின் பட்டியல் ஒன்று போதும். அத்தொடருக்கு அருகே ஐந்து சொல்லுக்குள் நோயின் பெயர் வந்தால் அது மறுக்கப்பட்டதாகக் கொள்வது. இத்தனை எளிதா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அது பலித்தது. 2013 அளவில் சுவீடிஷ், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளுக்கும் அப்பட்டியல் விரிக்கப்பட்டது.

இன்றைய பெருநிரல்கள் இவ்வாறு கட்டம் வரைந்து செய்யப்பட்டவையல்ல. கோடானுகோடி வாக்கியங்களை விழுங்கித் தாமாகவே பழகிக்கொண்டவை. அவற்றின் சரளத்துக்கு முன் மெட்லீ ஒரு குழந்தை. ஆயினும் சேகரின் நிரலுக்கு ஒரு வாக்கியம் விளங்காவிட்டால் அது விளங்கவில்லை என்று நின்றுவிடும். பேச்சை எழுத்தாக்கும் 'விஸ்பர்' என்ற நிரலைப் பற்றி 2024 இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு ஒலிப்பதிவில், எவரும் சொல்லாத வாக்கியங்களை அது தானே புனைந்து எழுதியதாகக் கண்டது. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உரையாடலைக் குறிப்பெடுக்க அதே நிரலை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் அப்போதே பயன்பாட்டில் இருந்தன. விழுந்துபோன சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். சொல்லாத சொல்லை எவர் எங்கே தேடுவது?

நமது நாட்டு நிலைமையை எண்ணாமல் இதை முடிக்க இயலவில்லை. இலங்கையில் நோயாளி தமிழிலோ சிங்களத்திலோ பேச, வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களையும் மொழிபெயர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்தப் பாதை தொடரவில்லை. ஆகவே "நெஞ்சுக்குள்ளை ஒரு அந்தரம்" என்று ஒரு தாய் சொல்வது எந்தக் குறிப்பேட்டிலும் அவ்வண்ணமே பதிவாவதில்லை. பதிவாகாத மொழியைக் கணனி எங்கிருந்து கற்கும்?

அப்படியே கற்கப் புகுந்தாலும் ஆங்கிலப் பட்டியல் நமக்கு உதவாது. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் நோயின் பெயருக்கு முன்னே தனிச்சொல்லாக நிற்கும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வரும், வினைக்குள்ளேயே புகுந்தும் இருக்கும். வலிக்கவில்லை, வலிக்காது, வலியாமல் என ஒரே வினைக்கு எத்தனை உருவம்! யாழ்ப்பாணத்தில் அது 'வலிக்கேல்லை' ஆகும், மட்டக்களப்பில் வேறாகும். இவற்றையெல்லாம் தொகுத்து, எது எங்கே எதை மறுக்கிறது என்று குறித்து வைக்கும் வேலைக்குப் பெரிய கணனி எதுவும் வேண்டியதில்லை. வைத்தியர் ஒருவரும் மொழியியல் படித்தவர் ஒருவரும் ஒரே மேசையில் சில ஆண்டுகள் உட்கார வேண்டும். நியூயோர்க்கில் அவர்கள் தொடங்கியதும் அப்படித்தான்.