கடவுள் மேல கோபமா இருந்தவர் எழுதின பாட்டு

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு பாட்டைப் பத்தி. 1932-ல, அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், கடவுள் மேல கடும் கோபத்தில் இருந்த ஒரு மனுஷன் எழுதின பாட்டு அது. பேரு ‘பிரெஷியஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்’. அருமை ஆண்டவரே, என் கையைப் பிடிச்சுக்கோங்க. அவ்வளவுதான் தலைப்பு.

எழுதினவர் தாமஸ் ஏ. டோர்சி. 1899-ல ஜார்ஜியா மாநிலத்தில், வில்லா ரிக்கா என்ற சின்ன ஊரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் பிரசங்கியார். பையன் போனது ப்ளூஸ் பியானோ பக்கம். ‘ஜார்ஜியா டாம்’ என்ற பேரில், மா ரெயினி மாதிரி பெரிய பாடகிகளுக்கு வாசிச்சார். 1928-ல டாம்பா ரெட் என்ற கிட்டார் கலைஞரோட சேர்ந்து அவர் வெளியிட்ட ‘இட்ஸ் டைட் லைக் தட்’ ரெக்கார்டு சக்கைப்போடு போட்டது. இரட்டை அர்த்தப் பாட்டுதான், மறைக்க ஒண்ணுமில்லை!

அதே விரல்களால அவர் சர்ச் பாட்டும் எழுதினார். அங்கேதான் சிக்கல். சிகாகோவில் இருந்த பெரிய கறுப்பின சர்ச்சுகள் பல, ஐரோப்பிய பாணி இசையைத்தான் கௌரவம்னு நினைச்சாங்க. ப்ளூஸ் வாடை அடிக்கிற பாட்டுக்கு உள்ளே இடமில்லை. ஆனா இனவெறியிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பிச்சு தெற்கு மாநிலங்களிலிருந்து வந்து குவிந்த மக்களுக்கு, அதுதான் சொந்த ஊர் இசை. டோர்சி விடாம முட்டி மோதினார். 1932-ல பில்கிரிம் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைச்சது. கடைசியில கடவுள் பக்கமே வந்தாச்சு, இல்லையா?

அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம். மனைவி நெட்டி நிறைமாத கர்ப்பிணி. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் பாட டோர்சி காரில் கிளம்பிப் போனார். கூட்டம் நடந்துக்கிட்டிருக்கும்போதே கைக்கு ஒரு தந்தி வந்தது. பிரசவத்தில் நெட்டி இறந்துட்டாங்க.

அடிச்சுப் பிடிச்சு வீடு திரும்பினா, பிறந்த ஆண் குழந்தை உயிரோட இருந்தது. அன்னிக்கு ராத்திரியே அதுவும் போயிடுச்சு. அம்மாவையும் பிள்ளையையும் ஒரே சவப்பெட்டியில் வெச்சு அடக்கம் பண்ணினாங்க.

டோர்சி இதைப் பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கார். கடவுள் தனக்கு அநியாயம் பண்ணிட்டதா அப்போ தோணிச்சாம். இனிமே அவருக்கு ஊழியமும் வேண்டாம், அவரைப் பத்திப் பாட்டும் வேண்டாம், பழைய ப்ளூஸ் உலகத்துக்கே திரும்பிடலாம்னு நினைச்சாராம். எனக்கு இந்தக் கோபம் நல்லாவே புரியுது. ஒருத்தரோட வேலையாப் போன இடத்தில் இருக்கும்போது, அவரே நம்ம வீட்டில் கை வெச்ச மாதிரி இருந்திருக்கும்.

சில நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தியடோர் ஃப்ரை என்ற பாடகர் நண்பர் அவரை போரோ காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனார். ஆனி மலோன் என்ற கறுப்பினப் பெண் தொழிலதிபர் நடத்தின அழகுக்கலைக் கல்லூரி அது. அங்கே அமைதியான ஒரு அறை, ஒரு பியானோ. டோர்சி உட்கார்ந்தார். விரல்கள் கட்டைகள் மேல சும்மா மேய்ஞ்சது. வந்தது புது மெட்டு இல்லை. ஜார்ஜ் நெல்சன் ஆலன் என்பவர் பேரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பழைய ஞானப்பாட்டு மெட்டு. அதை இழுத்து, நெளிச்சு, ப்ளூஸ்காரர் கையால வளைச்சார். சொற்களும் கூடவே வந்தது. கடவுளைக் கூப்பிட அவர் முதலில் வேற ஒரு அடைமொழியைத்தான் போட்டிருந்தார். ‘பிரெஷியஸ்’னு மாத்தச் சொன்னது ஃப்ரை. முதல் சொல் சடங்கா கும்பிடுற சொல். இது நெருக்கமானவங்களைக் கூப்பிடுற சொல்.

இந்தக் கதையை நிறைய பேர் “பார்த்தீங்களா, விசுவாசம் ஜெயிச்சிடுச்சு”னு முடிப்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. அந்தப் பாட்டைத் தேடிப் பாருங்க. நெட்டி ஏன் செத்தாங்க என்பதுக்கு அதில் பதில் கிடையாது. எல்லாம் நன்மைக்கே என்ற சமாதானம் கிடையாது. நம்ம ஊர் துக்க வீட்டில் சொல்வாங்களே, “நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்”னு, அந்த மாதிரி ஒரு வரிகூடக் கிடையாது. இருக்கிறது களைப்பு மட்டும்தான். நடக்க முடியலை, கையைப் பிடின்னு கேட்கிற ஒரு குரல். கேள்வியை வாபஸ் வாங்காமலே கையை மட்டும் நீட்டியிருக்கார் டோர்சி. நம்பிக்கைன்னா பதில் தெரிஞ்சவங்களுக்குத்தான் சொந்தம்னு நினைச்சுக்கிட்டிருந்த இடத்தில், பதில் தெரியாதவங்களுக்கும் பாட ஒரு பாட்டு வந்தது.

அதனாலதான் அது எழுதினவர் வீட்டுத் துக்கத்தோட நிற்கலை. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு அது. 1968 ஏப்ரல் 4, மெம்பிஸ். லொரெய்ன் மோட்டல் பால்கனியில் நின்னுக்கிட்டு, கீழே இருந்த சாக்ஸஃபோன் கலைஞர் பென் பிராஞ்சிடம், இன்னிக்கு ராத்திரி கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்கணும்னு கேட்டார். அடுத்த சில நொடிகளில் அவர் மேல குண்டு பாய்ஞ்சது. அவர் இறுதிச் சடங்கில் அதே பாட்டைப் பாடினது மஹேலியா ஜாக்சன். 1972-ல மஹேலியா இறந்தப்போ, அவங்களுக்காக அதைப் பாடினது அரீத்தா ஃப்ராங்க்ளின்.

டோர்சி 1993 வரைக்கும் இருந்தார். 93 வயசு. காஸ்பல் இசையின் தந்தைன்னு அவரைக் கொண்டாடினாங்க. வயசான பிறகும் நெட்டி கதையைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தார்.

எனக்கு இதில் ஃப்ரையும் முக்கியமானவர். அவர் செஞ்சது ரெண்டே காரியம்: நண்பனை ஒரு பியானோ முன்னாடி உட்கார வெச்சார், ஒரு சொல்லை மாத்தச் சொன்னார். துக்கத்தில் இருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலையா? பதில் தேட வேண்டாம். கூடப் போய் உட்காருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.