40 சென்ரிமீற்றர் புதுப்பனி: நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

அல்ப்ஸ் மலையில் ஒரு இரவுக்குள் 40 சென்ரிமீற்றர் புதுப்பனி கொட்டியிருக்கு என்று வையுங்கோ. விடிய இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று பனிச்சறுக்குத் தலத்தின் அறிக்கை: புதுப்பனி 40, பாதைகள் திறந்திருக்கு, வாருங்கோ. மற்றது பனிச்சரிவு எச்சரிக்கை: ஆபத்து கூடியிருக்கு, பாதையை விட்டு வெளியே போகாதீர்கள். இரண்டும் சொல்வது ஒரே பனியைப் பற்றித்தான். முதலாவதை மட்டும் வாசித்தவர் சறுக்குப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இரண்டையும் வாசித்தவர் கொஞ்சம் நின்று யோசிப்பார்.

எங்கட ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற ஈரம். அதை யாரும் அளப்பதில்லை. ஆனால் எண்பதுகளிலிருந்து சுவிஸில் வாழ்கிற எங்கட சனத்தின் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் அன்றாடச் செய்தி. பனியை எண்ணாக்கியது யார், எதற்காக என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் நாங்கள் இங்கே பார்க்கப் போகிறோம்.

மலைக்கிராமத்து மக்களுக்குப் பனி நெடுங்காலமாகப் பயம்தான். சுவிஸின் அண்டர்மாட் கிராமத்தில் ஊருக்கு மேலே இருக்கிற காட்டை வெட்டக்கூடாது என்று 1397இலேயே கட்டுப்பாடு போட்டார்கள். மரம் நின்றால்தான் பனி சரிந்து வராமல் தடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சரிவு ஆபத்தானது என்பது பரம்பரை பரம்பரையாக வந்த அறிவு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. சென் மோரிட்ஸ், டாவோஸ் போன்ற இடங்களுக்குக் குளிர்காலத்திலும் வெளிநாட்டவர் வரத் தொடங்கினார்கள். 1930களில் டாவோஸிலிருந்து 2,600 மீற்றருக்கும் மேலே இருக்கிற வைஸ்ஃபுளூயோக் வரை மலை ரயில் ஓடியது. மலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இப்போது மலை உச்சியில் நின்றார்கள். ஊர்ப் பெரியவரின் அறிவு அவர்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று தேவைப்பட்டது.

1936இல் அதே வைஸ்ஃபுளூயோக்கில் ஒரு பனி ஆய்வுகூடம் வேலையைத் தொடங்கியது. பனிக்குள் குழி வெட்டி, படை படையாகப் பார்த்தார்கள். 1939இல் ரொபேர்ட் ஹேஃபெலி, ஹென்றி பாடர் முதலியோர் தங்கள் முடிவுகளை நூலாக்கினார்கள். அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம், விழுந்த பனி சும்மா கிடப்பதில்லை என்பது. வெப்பமும் அழுத்தமும் மாற மாற, பளிங்குகளின் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு படை சீனி மாதிரி ஒட்டாமல் உதிர்ந்து கிடந்தால், மேலே விழுகிற புதுப்பனி முழுதாக வழுக்கி வந்துவிடும். அப்படியென்றால் ஆழம் எவ்வளவு என்ற எண் பாதிக் கதைதான். அடியில் என்ன இருக்கு என்பதுதான் மீதி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த அறிவு இராணுவத்துக்குப் பயன்பட்டது. 1945இலிருந்து ஆய்வு நிறுவனமே பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடத் தொடங்கியது.

அறிக்கை மட்டும் போதாது என்பதை 1951 சொன்னது. அந்தக் குளிர்காலத்தில் சுவிஸில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். அதன் பிறகுதான் சரிவுகளில் தடுப்புகள் கட்டுவதும், எங்கே வீடு கட்டலாம் என்று ஆபத்து வரைபடம் போடுவதும் பெரிய அளவில் நடந்தன. 1999 பெப்ரவரியில் அதற்கு நிகரான பனி கொட்டியது. இந்தமுறை சுவிஸில் இறந்தவர்கள் 17 பேர். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒஸ்திரியாவின் கால்ட்டூரில், பாதுகாப்பானது என்று நம்பிய இடத்துக்குள்ளேயே பனி புகுந்து 31 பேரைக் கொன்றது. பலர் விடுமுறைக்கு வந்தவர்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் அதே எண் விற்பனைப் பொருளானது. பனி கூட என்றால் சனம் வரும், சனம் வந்தால் ரிக்கெற் விற்கும். 2009இல் ஜொனதன் சின்மன், எரிக் சிற்செவிற்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வட அமெரிக்கத் தலங்களின் அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். வார இறுதி நாட்களில் தலங்கள் அறிவித்த புதுப்பனி, மற்ற நாட்களைவிட 23 சதவீதம் கூட! வானத்துக்குச் சனி, ஞாயிறு தெரியுமா என்ன? சறுக்க வந்தவர்களே ஐபோன் செயலி மூலம் உண்மை நிலவரத்தைப் போடத் தொடங்கியதும் இந்தப் புளுகு சட்டென்று குறைந்தது. அலைபேசி இணைப்பு நல்லாக் கிடைத்த தலங்களில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

முழுப் பொய் சொல்லத் தேவையும் இல்லை. புதுப்பனி தன் பாரத்தாலேயே அமிழும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பலகையைத் துடைத்துத் துடைத்து அளந்து கூட்டினால், 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளப்பதைவிடக் கூடுதலான எண் வரும். உச்சியில் அளப்பதா, அடிவாரத்தில் அளப்பதா என்பதும் அப்படித்தான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். மேலே தூள் பனி விழுகிற நேரத்தில் கீழே மழை பெய்யலாம். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும். ஆக, "40" என்று கேட்டால் எங்கே, எப்போது, யார் அளந்தது என்று நாங்கள் திருப்பிக் கேட்கவேண்டும்.

1993இல் ஐரோப்பிய நாடுகள் பனிச்சரிவு ஆபத்தை ஐந்து நிலைகளாக வகுத்தன. இதிலும் ஒரு பொறி இருக்கு. 3 என்றால் நடுவில்தானே, பரவாயில்லை என்று மனம் சொல்லும். ஆனால் சுவிஸில் பனிச்சரிவில் இறக்கிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலை 3 அறிவித்த நாட்களில்தான் இறக்கிறார்கள். 5 என்றால் யாரும் வெளியே போவதில்லை. 3 என்றால் போகிறார்கள். சிக்கிக்கொள்கிறவர்களில் மிகப் பெரும்பாலோரின் மேல் விழுகிற சரிவை அவர்களோ அவர்களோடு போனவர்களோதான் கிளப்பிவிடுகிறார்கள்.

வைஸ்ஃபுளூயோக்கில் 1936இலிருந்து குளிர்காலம் முழுக்க நாள்தோறும் பனியை அளந்து வருகிறார்கள். சுவிஸ் முழுக்கச் சுமார் 200 அவதானிகள் தங்கள் இடத்தில் பார்த்ததை அனுப்புகிறார்கள். அவர்கள் ரிக்கெற் விற்பதில்லை. அவர்களின் எண் கூடினாலும் குறைந்தாலும் அவர்களுக்கு இலாபமில்லை. ஒரு எண்ணை நம்புவதற்கு அதுதான் முதல் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். பனிக்கு மட்டுமில்லை, அறிக்கை என்ற பெயரில் கைக்கு வருகிற எதற்கும் அந்தக் கேள்வி பொருந்தும்: இது எங்களைக் காப்பாற்ற எழுதியதா, எங்களை வரவழைக்க எழுதியதா?